நம் மண்ணுக்கு வயது கேட்ட மனிதர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழு அண்ணன்மார் கேட்டார்கள். ஹாஸ்டல் கதை, கேன்டீன் கதை, கல்ச்சுரல்ஸ் கதை எல்லாவற்றையும் மற்ற நண்பர்கள் எப்படியும் எழுதிவிடுவார்கள். அதனால் நான் வேறு ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம் கல்லூரியில் படித்தவரும் இல்லை, பாடம் நடத்தியவரும் இல்லை. அவர் இறந்து 130 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் நாம் தினமும் மிதித்து நடக்கிற இந்த மண்ணுக்கு என்ன வயது என்று ஊர் ஊராகப் போய்த் தேடியவர். பெயர் ஹென்றி ஃபிரான்சிஸ் பிளான்ஃபோர்டு.

இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் நம்மில் இருக்கலாம். இந்திய வானிலைத் துறை 1875-ல் தொடங்கியபோது அதற்கு முதல் தலைவராக இருந்தவர் அவர்தான். மழை வருமா வராதா என்று அரசாங்கம் முன்கூட்டியே சொல்லும் வழக்கத்தை இந்த நாட்டில் ஆரம்பித்து வைத்தவர். ஆனால் வானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சுமார் ஏழு வருஷம் அவர் பூமியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும், அதில் ஒரு முக்கியமான பகுதி நம்ம புதுச்சேரியைச் சுற்றியே நடந்தது என்பதும் பலருக்குத் தெரியாது.

எனக்குத் தெரிய வந்ததே வேலையால்தான். நிலத்தடி நீர், அஸ்திவாரம் சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பதால் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் போர் வண்டிகளோடு அலைவது என் பிழைப்பு. இந்தப் பக்கத்து அறிக்கை எதை எடுத்தாலும் கடலூர் மணற்பாறை என்று ஒரு வார்த்தை வரும். யார் வைத்த பெயர் இது என்று தேடிப் போனதில் கிடைத்த மனிதர் பிளான்ஃபோர்டு.

லண்டனிலிருந்து தால்ச்சேருக்கு

1834 ஜூன் 3-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அண்ணன் வில்லியம் தாமஸ் இரண்டு வயது மூத்தவர். அண்ணன் தம்பி இருவருக்கும் இயற்கையிலும் கல்லிலும் நத்தையிலும் ஒரே பைத்தியம். லண்டனில் அப்போதுதான் தொடங்கியிருந்த ராயல் ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் என்ற சுரங்கக் கல்லூரியில் சேர்ந்து படித்தார்கள். பிறகு ஹென்றி ஜெர்மனியில் உள்ள ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரிக்கும் போய் வந்தார். 1855-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருவருக்கும் வேலை கிடைத்தது. அந்த ஆண்டே கப்பலில் கல்கத்தா வந்து இறங்கினார்கள். தம்பிக்கு அப்போது வயது 21. நம் கல்லூரியில் ஃபைனல் இயர் முடித்து வெளியே வருகிற வயது!

முதல் வேலை ஒரிசாவில் தால்ச்சேர் நிலக்கரி வயல். அங்கே நிலக்கரிக்கு அடியில் ஒரு விநோதமான அடுக்கு இருந்தது. மென்மையான களிமண், அதற்குள் பெரிய பெரிய பாறாங்கற்கள். ஆற்று வெள்ளம் இவ்வளவு பெரிய கல்லை உருட்டி வந்திருந்தால் மெல்லிய களிமண்ணை அங்கே தங்க விட்டிருக்காது. அப்படியானால் கல்லையும் களிமண்ணையும் ஒன்றாகக் கொண்டு வந்து போட்டது எது? பனிக்கட்டியாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு 1856-ல் அந்த இளைஞர்கள் வந்தார்கள். கொதிக்கிற ஒரிசா வெயிலில் நின்றுகொண்டு இங்கே ஒரு காலத்தில் பனி இருந்தது என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இன்று அது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தியா தென்துருவத்துக்கு அருகே கிடந்தபோது படிந்த அடுக்கு அது.

புதுச்சேரிக் கல்லில் இந்திரனும் சூரியனும்

பிளான்ஃபோர்டு தெற்கே வருவதற்கு முன்பே புதுச்சேரிக் கற்கள் ஐரோப்பாவில் பேர் வாங்கிவிட்டன. 1840-களின் தொடக்கத்தில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரிக்கு மேற்கே வழுதாவூர், சேதராப்பட்டு பக்கங்களிலும், விருத்தாசலம், திருச்சி பக்கங்களிலும் சுண்ணாம்புக் கற்களில் பதிந்திருந்த சங்கு, சிப்பிகளைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். வழுதாவூர் அன்று ஆங்கிலேயர் எல்லையில், சேதராப்பட்டு பிரெஞ்சு எல்லையில். கல்லுக்கு ஏது எல்லை? ஒரே அடுக்கு இரண்டு கொடிக்கும் அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

லண்டனில் அவற்றை ஆராய்ந்தவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். அவர் 1846-ல் வெளியிட்ட ஆய்வில் சுருள் சுருளான அம்மோனைட் ஓடுகளுக்கு இந்திரன், சூரியன், பிரம்மா, விஷ்ணு என்று நம் சாமி பெயர்களையே வைத்தார். அந்தப் பெயர்கள் இன்றும் உலக ஆராய்ச்சியாளர்கள் வாயில் புழங்குகின்றன. அம்மோனைட் என்றால் நமக்குப் புதிதில்லை. பூஜை அறையில் இருக்கிற சாளக்கிராமத்துக்குள் சக்கரம் போலத் தெரிவது பெரும்பாலும் அம்மோனைட்டின் பதிவுதான். கணவாய் மீனின் தூரத்துச் சொந்தமான ஒரு கடல் பிராணி அது. இன்று ஒன்றுகூட உயிரோடு இல்லை.

ஆனால் வயது விஷயத்தில் தகராறு வந்தது. புதுச்சேரிக் கற்கள் கிரேட்டேஷியஸ் யுகத்தின் தொடக்கத்தில் படிந்தவை, திருச்சிக் கற்களை விடப் பழையவை என்றார் ஃபோர்ப்ஸ். பாரிசில் இருந்த அல்சீட் டோர்பிஞி என்ற பிரெஞ்சு அறிஞரோ, இல்லை, இவை அந்த யுகத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை என்றார். இருவரும் பெரிய மனிதர்கள், இருவர் கையிலும் நம்ம ஊர்ச் சிப்பிகள்தான். யார் சொல்வது சரி? லண்டனிலும் பாரிசிலும் மேஜை மீது கல்லை வைத்துப் பார்த்தால் இதற்கு முடிவு கிடைக்காது. எந்தக் கல் எந்தக் கல்லுக்கு மேலே கிடக்கிறது என்று தரையில் நடந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

கல் எப்படி வயது சொல்லும்?

மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ரெண்டே ரெண்டு விதிதான்.

முதல் விதி, அடியில் கிடப்பது பழசு, மேலே கிடப்பது புதுசு. வீட்டில் பழைய பேப்பர் அடுக்கி வைத்திருக்கிறோமே, அது மாதிரி. ஸ்டெனோ என்பவர் 1669-லேயே எழுதி வைத்தது. நடுவில் யாரும் அடுக்கைப் புரட்டிப் போடவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது விதி, ஒவ்வொரு காலத்துக்கும் தனியான உயிர்கள் உண்டு. ஒரு முறை அழிந்துபோன இனம் மறுபடி வருவதில்லை. இங்கிலாந்தில் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்த வில்லியம் ஸ்மித் என்ற சர்வேயர் இதைக் கண்டுபிடித்தார். நம்மைப் போல ஃபீல்டில் வேலை பார்த்தவர்! எந்த ஊரில் வெட்டினாலும் அதே சிப்பிகள் அதே வரிசையில் வருவதைப் பார்த்து, 1815-ல் நாடு முழுவதற்கும் பாறைப் படம் போட்டார். அப்புறம் என்ன? இங்கே ஓர் அடுக்கிலும் ஆயிரம் மைல் தள்ளி இன்னோர் அடுக்கிலும் ஒரே இனச் சிப்பி கிடைத்தால், இரண்டும் ஏறத்தாழ ஒரே காலம். இதற்கு உதவுகிற உயிர் கொஞ்ச காலமே வாழ்ந்திருக்க வேண்டும், ஆனால் உலகம் பூராவும் பரவியிருக்க வேண்டும். கடலில் நீந்தித் திரிந்து, சீக்கிரம் சீக்கிரம் உருவம் மாறிய அம்மோனைட்டுகள் இதற்குக் கன கச்சிதம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இரண்டு விதியும் வரிசையைச் சொல்லும், வருஷத்தைச் சொல்லாது. பாகூர்ச் செப்பேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாகூர் வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அந்தக் காலத்துக் கல்லூரிக்கு, மூன்று கிராமங்களைத் தானம் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. தேதி எப்படிப் போட்டிருக்கிறது? பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 8-ஆம் ஆட்சியாண்டு. அவனுக்கு முன்னால் யார் ஆண்டான், பின்னால் யார் ஆண்டான் என்று வரிசை போடலாம். அது கி.பி. 9-ஆம் நூற்றாண்டு என்று சொல்ல வேறு சான்றுகளோடு இணைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பாறைக்கும் அதே கதைதான். பிளான்ஃபோர்டு காலத்தில் ராஜாக்களின் வரிசைதான் தெரியும், கி.பி. எண் தெரியாது.

திருச்சி முதல் புதுச்சேரி வரை

1857-லிருந்து சில ஆண்டுகள் பிளான்ஃபோர்டு சென்னை ராஜதானியில் வேலை பார்த்தார். நீலகிரியின் பாறை அமைப்பைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதன் பிறகு திருச்சி, தென்னாற்காடு மாவட்டங்களின் கிரேட்டேஷியஸ் பாறைகளைப் படம் போடும் பொறுப்பு அவருக்கு வந்தது.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. நம்ம பக்கத்து நிலத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். மலைநாட்டில் பாறை கண்ணெதிரே நிற்கும். இங்கே எல்லாம் மட்டமான தரை. பாதி இடத்தில் கரிசல், பாதி இடத்தில் செம்மண், ஏரி, வயல். பாறை தெரிய வேண்டுமானால் ஓடைக் கரையையும் கிணறு வெட்டிய குழியையும் தேடித் தேடிப் போக வேண்டும். அடுக்குகள் கடல் பக்கமாக மிக லேசாகச் சாய்ந்திருக்கின்றன. அதனால் ஒன்றுக்கு அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கப் பல மைல் நடந்தாக வேண்டும்.

அவர் நடந்தார். நடந்து முடித்து 1862-ல் வெளிவந்த அவருடைய அறிக்கை 200 பக்கத்துக்கு மேல் இருக்கும். திருச்சிப் பக்கத்துக் கடல் படிவுகளை அவர் மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அடியில் ஊட்டத்தூர், நடுவில் திருச்சிராப்பள்ளி, மேலே அரியலூர். ஒவ்வொன்றுக்கும் தனித் தனிச் சிப்பி வகை. 160 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த மூன்று பெயர்களும் இன்றும் பாடப் புத்தகத்தில் அப்படியே இருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் உட்பிரிவுகளைச் சேர்த்தார்கள், எல்லைகளைத் திருத்தினார்கள். அஸ்திவாரத்தை யாரும் மாற்றவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கிற சிவப்பு, மஞ்சள் மணற்பாறைக்குக் கடலூர்ப் பெயரைக் கொடுத்ததும் அவர்தான். வில்லியனூருக்கு வடமேற்கே திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கிற மரங்கள் இந்த மணற்பாறைக்கு உள்ளேதான் இருக்கின்றன. வக்கிரகாளியம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் பக்கத்திலேயே கல்மரப் பூங்காவையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். கோயில் போய் வந்த நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்?

வழுதாவூர்ச் சிக்கல்

இப்போது ஃபோர்ப்ஸ், டோர்பிஞி வழக்குக்கு வருவோம். புதுச்சேரிப் பகுதியில் பிளான்ஃபோர்டு இரண்டு தொகுதிகளைக் கண்டார். மேலே உள்ளதை அரியலூரோடு சேர்த்தார். அதில் சிக்கல் இல்லை. கீழே உள்ளதற்கு வழுதாவூர் என்று பெயர் வைத்து, மிகப் பழைய ஊட்டத்தூர்த் தொகுதிக்கு இணையானது என்று வகுத்தார். அதாவது பாதி வழக்கில் ஃபோர்ப்ஸ் பக்கம் சாய்ந்தார்.

அந்தத் தீர்ப்பு தவறு என்று 1890-களில் தெரிந்தது. வார்த் என்பவர் புதுச்சேரியில் அடுக்கு அடுக்காக மறுபடியும் சேகரித்த சிப்பிகளை, ஃபிரான்ஸ் கோஸ்மாட் என்ற ஆஸ்திரிய அறிஞர் பரிசோதித்தார். வழுதாவூர்க் கற்கள் ஊட்டத்தூர்க் காலத்தவை அல்ல, அரியலூர்க் காலத்தவை என்று அவர் நிரூபித்தார். டோர்பிஞி சொன்னதுதான் சரி. இன்றைய கணக்கில் வழுதாவூர் அடுக்கின் வயது ஏறத்தாழ 7 கோடி ஆண்டு. ஊட்டத்தூர்த் தொகுதி சுமார் 10 கோடி ஆண்டு. இடையில் 3 கோடி ஆண்டு!

ஏன் இந்தப் பிசகு? இந்திரனும் சூரியனும் சேர்ந்த அம்மோனைட் குடும்பங்கள் மிக நீண்ட காலம் அதிகம் உருவம் மாறாமல் வாழ்ந்தவை. தாத்தாவும் பேரனும் ஒரே சாயலில் இருந்தால் போட்டோவை வைத்து எது யார் என்று எப்படிச் சொல்வது? அப்படிப்பட்ட ஓடுகளைப் பார்த்தவர்கள் பழைய காலம் என்று நினைத்துவிட்டார்கள். அதே கற்களில் சுருளாமல் கோல் மாதிரி நேராக வளர்ந்த இன்னொரு வகை அம்மோனைட் இருக்கிறது. அது அந்த யுகத்தின் கடைசிக் கட்டத்தில் மட்டும் உலகெங்கும் வாழ்ந்தது. சரியான தேதி அதன் கையில்தான் இருந்தது.

இந்த இடத்தில்தான் பிளான்ஃபோர்டு மீது எனக்கு மரியாதை கூடுகிறது. அவர் முடிவு தவறாகப் போனாலும் அவர் பதிவு தவறாகப் போகவில்லை. எந்த ஊர், எந்த அடுக்கு, மேலே என்ன, கீழே என்ன என்று எழுதி வைத்திருந்தார். அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் 30 வருஷம் கழித்து வந்தவர்களால் அதே இடத்துக்குப் போக முடிந்தது, அவரையே திருத்த முடிந்தது. முடிவை மட்டும் எழுதி, பார்த்ததை எழுதாமல் விட்டிருந்தால்? சரியா தப்பா என்று கேட்கவே வழி இருந்திருக்காது.

கதை அங்கேயும் நிற்கவில்லை. 1930-களின் கடைசியில் பிரெஞ்சு அறிஞர்கள் புதுச்சேரிக் கற்களில் கிரேட்டேஷியஸுக்கு அடுத்த யுகத்து நுண்ணுயிர் ஓடுகளும் இருப்பதைக் கண்டார்கள். அதாவது, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் அழிந்தார்களே, அந்தப் பேரழிவுக்கு முந்திய கடலும் பிந்திய கடலும் நம்ம புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே கல்லாகிக் கிடக்கின்றன. அம்மோனைட் உள்ள அடுக்கிலிருந்து அம்மோனைட் இல்லாத அடுக்குக்குச் சைக்கிளில் போய் வரலாம். உலகத்தில் எத்தனை ஊருக்கு இந்தப் பெருமை உண்டு?

மண்ணை விட்டு வானத்துக்கு

வெயிலும் கூடார வாழ்க்கையும் பிளான்ஃபோர்டின் உடம்பைக் கெடுத்தன. 1862-ல் நிலவியல் துறையை விட்டு விலகி, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். திருச்சி, புதுச்சேரிச் சிப்பிகளை விவரிக்கிற வேலையை அவர் ஓரளவு தொடங்கியிருந்தார். மொராவியாவிலிருந்து வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற இளைஞர் அதை எடுத்துக்கொண்டு 1873-க்குள் நான்கு பெரும் தொகுதிகளாக முடித்தார். அடுத்த வருஷமே லடாக்கின் மலை உயரத்தில் 36 வயதில் அவர் இறந்துபோனார். நம்ம ஊர்ச் சிப்பிக்கு எத்தனை தேசத்து மனிதர்கள் உழைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

1864 அக்டோபர் 5-ஆம் தேதி கல்கத்தாவை ஒரு புயல் தாக்கியது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அந்தப் புயலைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை எழுதிய இருவரில் ஒருவர் பிளான்ஃபோர்டு. அங்கிருந்து அவர் வாழ்க்கை திரும்பிவிட்டது. 1867-ல் வங்காள அரசின் வானிலை அதிகாரி ஆனார். 1875-ல் இந்தியா முழுமைக்கும் அதே பொறுப்பு.

அதுவரை ஒவ்வொரு மாகாணமும் தன் போக்கில் மழையை அளந்துகொண்டிருந்தது. ஒரே மாதிரிக் கருவி, ஒரே முறை என்று அவர் ஒழுங்கு செய்தார். இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. ஊட்டத்தூர்க் கல்லையும் வழுதாவூர்க் கல்லையும் ஒரே அட்டவணையில் வைத்துப் பார்க்கப் பழகிய மனிதர்தானே? சென்னை மழையையும் லாகூர் மழையையும் அதே போலப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

பொறுப்பேற்ற அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, 1876 முதல் 1878 வரை தென்னாட்டில் லட்சக்கணக்கானோரைக் கொன்ற பஞ்சம், அதுதான். மழை பொய்க்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் என்ற கேள்வி அரசாங்கத்தைத் துரத்தியது. இமயத்தில் பனி அதிகமாகப் பெய்த ஆண்டுகளில் பின்னால் வரும் பருவமழை குறைகிறது என்ற தொடர்பை பிளான்ஃபோர்டு 1884-ல் வெளியிட்டார். 1886 முதல் ஆண்டுதோறும் பருவமழை முன்னறிவிப்பு முறையாக வெளிவரத் தொடங்கியது. பருவமழைக்கும் பனிக்கும் உள்ள தொடர்பு அவர் நினைத்ததை விடச் சிக்கலானது என்று பின்னால் தெரிந்தது. ஆனால் கேள்வியைத் தொடங்கி வைத்தவர் அவர்.

மேகத்தைப் பார்க்கப் போன பிறகும் அவர் கல்லை மறக்கவில்லை. 1875-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கிடைக்கும் பழைய தாவரப் படிவங்களும் மற்ற உயிர்ப் படிவங்களும் ஒத்துப்போவதைக் காட்டி, இரண்டையும் ஒரு காலத்தில் ஒரே நிலம் இணைத்திருந்தது என்று வாதாடினார். இடையில் இருந்த நிலம் கடலில் மூழ்கியது என்பது அவர் எண்ணம். நிலம் மூழ்கவில்லை, கண்டங்களே விலகி நகர்ந்தன என்று 20-ஆம் நூற்றாண்டில் தெரிந்தது. இங்கேயும் பாருங்கள், விளக்கம் மாறியது, அவர் அடுக்கி வைத்த சான்று மாறவில்லை.

1880-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1889-ல் இந்தியாவின் தட்பவெப்பம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஏறத்தாழ அதே சமயத்தில் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1893 ஜனவரி 23-ஆம் தேதி ஃபோக்ஸ்டன் என்ற கடலோர ஊரில் காலமானார். வயது 58. புதுச்சேரியில் தன் கணிப்பு திருத்தப்பட்டதைப் பார்க்க அவர் இல்லை. இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எண்கள் வந்தது எப்படி?

அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்து, 1896-ல், கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. யுரேனியம் மாதிரிப் பொருள்கள் ஒரே சீரான வேகத்தில் சிதைந்து ஈயமாக மாறுகின்றன. எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரியும். ஆனால் நம்ம ஊர்ச் சுண்ணாம்புக் கல்லை நேராக இப்படி அளக்க முடியாது. எரிமலைச் சாம்பல் படிந்த அடுக்குகளில்தான் இந்த முறை நன்றாக எடுக்கும். உலகில் எங்கோ ஒரு சாம்பல் அடுக்குக்கு மேலும் கீழும் அதே இன அம்மோனைட்டோ நுண்ணுயிர் ஓடோ கிடைத்தால், அந்த எண்ணை எடுத்து வழுதாவூருக்குப் போடலாம். ஆக, இன்றும் எண்ணைக் கொண்டு வந்து சேர்ப்பது சிப்பிதான். நிருபதுங்கனின் ஆட்சியாண்டுக்குக் கி.பி. எண் கிடைத்த மாதிரி.

நமக்கு இதில் என்ன?

பழங்கதை நல்லா இருக்கு, இதனால் நமக்கு என்ன என்று சில நண்பர்கள் கேட்பார்கள். தண்ணீர் என்பது என் பதில்.

வில்லியனூர், பாகூர் வயலுக்கும் வீட்டுக்கும் தண்ணீர் தருவது ஊசுடு ஏரியும் பாகூர் ஏரியும் மட்டும் இல்லை. மேலே ஆற்று வண்டல், அதற்குக் கீழே கடலூர் மணற்பாறை, அதற்கும் கீழே வானூர், ராமநாதபுரம் பெயர் தாங்கிய கிரேட்டேஷியஸ் மணற்பாறைகள். எல்லாமே நீர் தாங்கும் அடுக்குகள். நடுநடுவே களிமண் அடுக்குகள் தடுப்புச் சுவர் மாதிரி நிற்கின்றன. எந்த அடுக்கில் ஃபில்டர் குழாய் இறக்குகிறோம், எந்தக் களிமண்ணை ஓட்டை போடுகிறோம் என்று தெரியாமல் இறக்கினால் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்துபோகும். கடலோரத்தில் இது விளையாட்டு இல்லை. 1880-களில் பாகூர்ப் பக்கம் போட்ட துளைகளில் பழுப்பு நிலக்கரி வந்ததும் இதே அடுக்கு வரிசையின் ஒரு பகுதிதான். பின்னாளில் நெய்வேலியை உண்டாக்கிய நிலக்கரியின் வடக்கு உறவு அது.

சில வருஷத்துக்கு முன் ஒரு வேலைக்காக ஓர் ஒப்பந்தக்காரரிடம் மூன்று போர்களின் மண் பதிவைக் கேட்டு வாங்கினேன். பெயர் வேண்டாம். மூன்று தாளும் ஒரே மாதிரி, அடிக்கு அடி அதே மண். ஒரு போரைக்கூடச் சரியாகப் பார்க்காமல் பழைய தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். துளையிலிருந்து வந்த மண்ணைத் தேடினேன், ரோட்டுப் பள்ளத்தை நிரப்பப் போய்விட்டது. அந்த மூன்று இடத்தில் கீழே என்ன இருக்கிறது என்று இனி யாரும் திருத்தக்கூட முடியாது. 1860-ல் ரோடு இல்லாத காலத்தில், காய்ச்சலோடு நடந்த ஒருவர் எழுதி வைத்ததை, ஏசி ஜீப்பில் போகிற நம்மால் எழுத முடியாதா?

அதனால் சீனியர் அண்ணன்மாருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம்மில் சிவில்காரர்கள் நிறையப் பேர் இந்த மண்ணிலேயே வேலை பார்க்கிறோம். போர் போடும்போது பத்து அடிக்கு ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பையில் போட்டு, ஊர், ஆழம், தேதி எழுதி வையுங்கள். நம் கல்லூரி ஜியாலஜி லேபில் ஓர் அலமாரி ஒதுக்கினால், பத்து வருஷத்தில் இரண்டு கொம்யூனுக்கும் நம் கையாலேயே ஓர் அடுக்குப் பதிவு கிடைத்துவிடும். சங்க நிர்வாகிகள் இதைக் கூட்டத்தில் எடுத்துக்கொண்டால் முதல் ஐம்பது பை மண் என் செலவில் வந்து சேரும்.

நம் முடிவுகளில் சில நாளைக்குத் தப்பாகப் போகலாம். பரவாயில்லை. பிளான்ஃபோர்டுக்கும் போனது. திருத்த வருகிறவனுக்குக் கையில் மண் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.